மீந்துபோன கிறிஸ்துமஸ் ஹாம்: கருவாடு மாதிரி நினைத்துச் சமையுங்கள்

கிறிஸ்துமஸுக்கு எலும்போடு 9 பவுண்டு ஸ்பைரல் ஹாம் (சுருள் வில்லைகளாகச் சீவி விற்கும் பதப்படுத்திய பன்றித்தொடை) வாங்கினோம், பாதிக்கு மேல் மீந்துவிட்டது, இரண்டு நாளாக சாண்ட்விச் தின்று அலுத்துப்போச்சு, பிள்ளைகளும் தொட மாட்டேன் என்கிறார்கள், குப்பையில் போட மனசு வரவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து போடாதீர்கள். குறிப்பாக அந்த எலும்பைப் போடாதீர்கள், மொத்த ஹாமிலும் ருசியானது அதுதான்.

நான் அமெரிக்காவில் வட கரோலினாவில் 14 வருடமாக இருக்கிறேன். ஒவ்வொரு டிசம்பரும் வீட்டில் ஒரு ஹாம் வந்துவிடும், சில வருடம் இரண்டு கூட. முதல் இரண்டு மூன்று வருடம் நானும் உங்களை மாதிரிதான் துண்டு துண்டாகச் சுடவைத்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். நான்காவது நாள் யாருக்கும் பிடிக்காது. பிறகுதான் ஒன்று புரிந்தது: விருந்து முடிந்த பிறகு ஹாமை இறைச்சியாக நினைக்கக் கூடாது, கருவாடாக நினைக்க வேண்டும். ஹாம் என்பது உப்பு, சர்க்கரை, நைட்ரைட் கலந்த தண்ணீரில் ஊறிய பன்றித்தொடை, அதைப் புகையூட்டி வேகவைத்தும் விட்டார்கள் (வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே இருப்பது அந்த நைட்ரைட்டால்தான்). அதில் நீங்கள் புதிதாகச் சமைக்க எதுவும் பாக்கியில்லை. ஆனால் அதில் இருக்கும் உப்பும் புகையும் கொழுப்பும் இன்னொரு பாத்திரத்துக்குப் போனால் அந்தப் பாத்திரமே மாறிவிடும். ஊரில் என் பாட்டி இரண்டே இரண்டு நெத்திலிக் கருவாட்டுத் துண்டை வைத்து ஒரு சட்டி கத்தரிக்காய்க் குழம்பை எப்படி ஒப்பேற்றுவாரோ அதே கணக்குதான் இங்கேயும். ஒரு கைப்பிடி ஹாம், ஒரு பாத்திரம் நிறைய காயோ பருப்போ அரிசியோ.

சரி, முதலில் இன்றைக்கே செய்ய வேண்டியது. ஸ்பைரல் ஹாம் எலும்பு வரைக்கும் ஏற்கெனவே சீவப்பட்டிருப்பதால் சீக்கிரம் காய்ந்துவிடும், ஃப்ரிட்ஜிலும் 3 முதல் 5 நாள்தான் தாங்கும். நீங்கள் இரண்டு நாளைக் கழித்துவிட்டீர்கள். அதனால் இன்று இரவே எல்லாவற்றையும் எலும்பிலிருந்து பிரித்துவிடுங்கள். நல்ல வில்லைகளை ஒரு பக்கம் வையுங்கள், உதிரித் துண்டுகளைப் பொடியாக நறுக்கி ஒரு பக்கம், எலும்பு தனியாக. எலும்பை ரொம்பச் சுரண்டி வழிக்க வேண்டாம், கொஞ்சம் சதையும் கொழுப்பும் ஒட்டிக்கொண்டிருக்கட்டும். நறுக்கிய துண்டுகளைச் சின்னச் சின்னப் பைகளில், ஒரு பைக்கு ஒரு கைப்பிடி என்று போட்டு, காற்றை அமுக்கி வெளியே எடுத்து, தேதி எழுதி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஒன்றிரண்டு மாதம் வரை ருசி நன்றாகவே இருக்கும். அதற்கு மேலும் கெட்டுப்போகாது, ஆனால் மணம் குறைந்து சக்கை மாதிரி ஆகிவிடும். ஒரே பெரிய கட்டியாக உறைய வைத்தால் ஒரு முட்டைப் பொடிமாஸுக்காக மூன்று பவுண்டு ஹாமை இளக்க வேண்டி வரும், அதைச் செய்யாதீர்கள்.

அடுத்து எலும்பு. பெரிய பாத்திரத்தில் எலும்பைப் போட்டு 3 லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஒரு வெங்காயத்தை இரண்டாக வெட்டிப் போட்டு, நாலு பல் பூண்டு, பத்து மிளகு, ஒரு பிரிஞ்சி இலை, அவ்வளவுதான், சின்னத் தீயில் 3 மணி நேரம் விட்டுவிடுங்கள். உப்பு ஒரு சிட்டிகை கூட வேண்டாம். குக்கரில் வைப்பதானால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல் முக்கால் மணி நேரம் போதும். கொதிக்க ஆரம்பித்த அரை மணியிலேயே வீடு முழுக்க ஒரு புகை வாசம் வரும், விறகடுப்பு எரிந்த வீட்டில் மறுநாள் காலை இருக்குமே, அந்த மாதிரி. எலும்பை வெளியே எடுத்தால் ஒட்டியிருந்த சதை விரலால் தொட்டாலே கழன்று விழும், அதைப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை வடிகட்டி, ஆறவைத்து, ராத்திரி ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் பார்த்தால் மேலே வெண்ணெய் மாதிரி வெள்ளையாக ஒரு படலம் இருக்கும், அடியில் தேன் நிறத்தில் தளதளவென்று ஆட்டுக்கால் சூப் உறைந்த மாதிரி ஜெல்லி இருக்கும். அந்த வெள்ளைக் கொழுப்பை வழித்து ஒரு கிண்ணத்தில் வையுங்கள், முட்டைக்கோஸோ உருளைக்கிழங்கோ வதக்கும்போது எண்ணெய்க்குப் பதிலாக ஒரு ஸ்பூன் போட்டால் போதும்.

இப்போது கையில் இருக்கும் இரண்டரை லிட்டர் எலும்புச் சாற்றில் இரண்டு வேளைச் சாப்பாடு இருக்கிறது.

ஒன்று, பட்டாணி சூப். கடையில் கிடைக்கும் உடைத்த பச்சைப் பட்டாணி அரை பாக்கெட், அதாவது 225 கிராம், கழுவி எடுத்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட், செலரி எல்லாம் கொஞ்சம் வதக்கி, ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக அந்தச் சாற்றை ஊற்றி மூடி வைத்து ஒரு மணி நேரம் வேகவிட்டால் பட்டாணி தானாகக் கரைந்துவிடும். ஊறவைக்க வேண்டியதில்லை. இதைக் குக்கரில் வைக்காதீர்கள், பட்டாணி நுரைத்துப் பொங்கி வெயிட் போடும் துளையை அடைத்துக்கொள்ளும். கடைசியில் பிய்த்த சதையைப் போட்டு, ருசி பார்த்து, அப்போது தேவைப்பட்டால் மட்டும் உப்பு. எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள், உப்பும் கொழுப்பும் சேர்ந்து நாக்கில் கனமாக உட்கார்ந்திருப்பதை அது தூக்கிவிடும். மறுநாள் சூப் கூழ் மாதிரி இறுகியிருக்கும், கெட்டுப்போனது இல்லை, கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுடவைத்தால் சரியாகிவிடும். பட்டாணி பிடிக்காதவர்கள் நேவி பீன்ஸ் என்கிற சின்ன வெள்ளை பீன்ஸை ராத்திரி ஊறவைத்து இதே மாதிரி செய்யலாம். வாஷிங்டனில் செனட் உணவகத்தில் பன்றிக்கால் எலும்பு போட்டு தினமும் வைக்கிற பீன்ஸ் சூப் இந்த வகைதான், இரண்டாம் உலகப்போர் ரேஷனில் பீன்ஸ் கிடைக்காமல் 1943 செப்டம்பரில் ஒரு நாள் அது இல்லாமல் போனது பத்திரிகையிலேயே வந்தது. ஆனால் பீன்ஸ் வேகும் முன் தக்காளியோ புளிப்போ சேர்க்காதீர்கள், தோல் இறுகி வேக ரொம்ப நேரமாகும்.

இன்னொன்றுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இங்கே அமெரிக்காவின் தெற்கில், முக்கியமாக இரு கரோலினாக்களிலும், ஜனவரி 1 அன்று ஹாப்பின் ஜான் என்று ஒன்று செய்வார்கள். பெயரைக் கேட்டு என்னவோ என்று நினைக்காதீர்கள், காராமணியும் அரிசியும் பன்றிக்கறியும் சேர்ந்த சாதம். காரடையான் நோன்பு அடையில் போடுகிற அதே காராமணி. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களோடு இந்த மண்ணுக்கு வந்தது அது. கரோலினாக் கடற்கரையின் நெல் வயல்களும் அவர்கள் உழைப்பில் விளைந்தவைதான், அதனால் இந்தச் சாதத்தை நான் மரியாதையோடுதான் சாப்பிடுகிறேன். எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த தெற்குக் கரோலினாக்காரப் பெரியம்மா ஒருவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். ஹாம் எலும்பைக் குப்பையில் போட நான் பையோடு வெளியே வந்ததைப் பார்த்து, கையிலிருந்து வாங்கிக்கொண்டு, உள்ளே கூட்டிப்போய் அடுப்பில் வைத்துக் காட்டினார்.

ஒரு கப் காராமணியை ராத்திரி ஊறவைத்து, மீதிச் சாற்றில் ஒரு லிட்டர் ஊற்றி, நறுக்கிய வெங்காயம், குடைமிளகாய், ஒரு காய்ந்த மிளகாய் போட்டு முக்கால் பதத்துக்கு வேகவையுங்கள். குழைந்துவிடக் கூடாது, நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் எதிர்ப்பு இருக்க வேண்டும். இப்போது பாத்திரத்தில் இருக்கும் சாற்றை அளந்து பாருங்கள், இரண்டு கப் வேண்டும், குறைந்தால் தண்ணீர் சேர்க்கலாம். ரொம்ப உப்பாக இருந்தால் பாதிச் சாறு பாதித் தண்ணீர் என்று வையுங்கள். ஒரு கப் நீள அரிசியைக் கழுவிப் போட்டு, இரண்டு கைப்பிடி ஹாம் துண்டும் போட்டு, மூடி, சின்னத் தீயில் 20 நிமிடம். கிளறவே வேண்டாம். அடுப்பை அணைத்து இன்னும் பத்து நிமிடம் மூடியே இருக்கட்டும். பக்கத்தில் கொலார்ட் என்கிற முட்டைக்கோஸ் இனத்துக் கீரையை அதே ஹாம் கொழுப்பில் வதக்கி வைப்பது இங்கே வழக்கம், கீரை பணத்துக்கு, காராமணி அதிர்ஷ்டத்துக்கு என்பார்கள். உங்கள் கணக்குக்கு புத்தாண்டு இன்னும் சில நாள்தான் இருக்கிறது, சாற்றை ஃப்ரீசரில் வைத்துவிட்டால் அன்றைக்கே செய்யலாம்.

மற்றதெல்லாம் சின்ன வேலைகள். முட்டைப் பொடிமாஸில் வெங்காயம் வதங்கியதும் ஒரு கைப்பிடி ஹாமைப் போட்டு ஓரம் முறுகும் வரை வதக்கி அப்புறம் முட்டையை ஊற்றுங்கள், பிள்ளைகள் நிச்சயம் சாப்பிடுவார்கள். ஹாமின் மேலே தடவிய சர்க்கரைப் பாகு கல்லில் சட்டென்று கருகும் என்பதால் தீயைக் குறைத்தே வைத்திருங்கள். பழைய சாதம் இருந்தால் ஃப்ரைடு ரைஸ், சோயா சாஸைப் பாதியாகக் குறைத்து. நல்ல வில்லைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்கு உருளைக்கிழங்கு. மெல்லியதாகச் சீவிய உருளைக்கிழங்கு ஒரு அடுக்கு, ஹாம் ஒரு அடுக்கு என்று வைத்து, பாலும் மாவும் வெண்ணெயும் சேர்த்த வெள்ளை சாஸை ஊற்றி, மேலே சீஸ் தூவி 190 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேலே. இதில் உப்பே போடாமல் செய்து பாருங்கள். எதைச் சுடவைத்தாலும் நடுவில் 74 டிகிரி வரும் வரை சுடவையுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம்: மசாலா போட்டு வறுவலோ குழம்போ வைக்காதீர்கள். நிறைய பேர் ஆசைப்பட்டுச் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். ஏற்கெனவே வெந்து உப்பேறிய சதைக்குள் மசாலா இறங்காது, ஹாமின் மேல் தடவிய பாகில் இருக்கும் கிராம்பும் பழுப்புச் சர்க்கரையும் நம் மல்லித்தூளோடு சேர்ந்து ஒரு திகட்டல் வரும், குழம்பு கொதிக்கக் கொதிக்க உப்பும் ஏறிக்கொண்டே போகும். வீட்டில் ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் இருந்தால் சூப்பையும் அவர்களுக்குப் பாதித் தண்ணீர் கலந்து கொடுங்கள், அல்லது அவர்களுக்குத் தனியாக வேறு ஏதாவது செய்துவிடுங்கள்.

இன்று ராத்திரி நேரமில்லை என்றால் எலும்பை மட்டுமாவது ஒரு பையில் சுற்றி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். இளக்கக்கூட வேண்டாம், அப்படியே பாத்திரத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றலாம்.