வாசகர் கேள்வி – பதில்: சண்டைக்குப் போகாத சிப்பாய்

இரண்டாம் உலகப் போரில் சீருடை போட்டும் இலங்கைக் கரையைத் தாண்டாத சாதாரணச் சிப்பாய்களைப் பற்றி மலையக வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இம்முறை.

எங்கள் பாடசாலை நாடகத்தில் 1942இன் காவல் சிப்பாய் ஒருவர் வருகிறார். விடிய விடிய ஒருவரே நிற்பாரா? காலில் சுற்றும் பட்டியை எப்படிக் கட்டுவது?
– ஆசிரியை, ஹட்டன்

ஒருவரே நிற்கமாட்டார். ஒரு காவலிடத்துக்கு மூன்று பேர். ஒவ்வொருவரும் இரண்டு மணி நேரம் நிற்பார், அடுத்த நான்கு மணி நேரம் காவலறையில் படுப்பார். படுக்கும்போதும் பூட்ஸைக் கழற்ற முடியாது, இடுப்புப் பட்டியும் அப்படியே இருக்கும். கூப்பிட்டால் எழுந்து ஓட வேண்டுமே!

கால்பட்டிக்கு நாலு அங்குல அகலக் காக்கித் துணி போதும். பூட்ஸின் மேல்விளிம்பை மூடியபடி கணுக்காலில் தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின் பாதியை மறைக்கட்டும். வலதையும் இடதையும் எதிரெதிர்த் திசையில் சுற்றினால் இரண்டு முடிச்சும் வெளிப்பக்கம் வரும். இளக்கமாகச் சுற்றினால் மேடையிலேயே அவிழும், இறுக்கினால் கால் மரத்துப்போகும். உண்மையான பட்டி கம்பளி. நனைந்தால் சுருங்கி இன்னும் இறுகும் என்பதால் மழை நாளில் சற்று இளக்கிக் கட்ட வேண்டும். அட்டை கடித்த பிறகுதான் பலருக்கு அந்த இளக்கத்தின் விலை தெரியும்.

முழங்கால் வரை சுற்றிய நீண்ட பட்டி முதல் உலகப் போரின் கோலம். உங்கள் சிப்பாய்க்கு அரைக்காற்சட்டை, கம்பளிக் காலுறை, கணுக்காலில் மூன்று நாலு சுற்று போதும். இரவுக் காட்சி என்றால் மேலே கனத்த கோட்டும் போடுங்கள்.

சுட்டு முடிந்ததும் துப்பாக்கிக் குழாய்க்குள் கொதிதண்ணீர் ஊற்றுவார்களாம். இரும்பு துருப்பிடிக்காதா?
– வாசகர், பண்டாரவளை

ஊற்றாவிட்டால்தான் துருப்பிடிக்கும். அக்காலத்து .303 தோட்டாவின் அடித்தொப்பியில், அதாவது அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது உப்பாகிக் குழாயின் உட்சுவரில் படியும். மாரி காலத்தில் குசினி உப்புச் சாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான் குழாய்க்குள்ளும் நடக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, மேலே மூடி மட்டும் வைக்கும். அதைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும்.

குழாயின் பின்வாயை மூடும் போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்தில் புனலை வைத்து ஐந்தாறு பைந்து, அதாவது மூன்று லீட்டர் அளவு, ஊற்றுவார்கள். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும். அப்போதுதான் குழாய் சூடேறித் தானே உலரும். ஆறின தண்ணீரை ஊற்றினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும், ஆனாலும் அந்தச் சூடு போதும்.

அடுத்தது குழாயைத் துடைக்கும் 'புல்-த்ரூ' கயிறு. ஒரு நுனியில் பித்தளைக் குண்டு, மறு நுனியில் கண்ணிகள். 4 அங்குலத்துக்கு 2 அங்குலம் ஃபிளானல் துணியைக் கண்ணியில் மாட்டி, குண்டைப் பின்பக்கத்தால் இறக்கி, வாய்ப்பக்கம் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கோணலாக இழுத்தால் கயிறு குழாய் வாயின் ஓரத்தை அறுத்துப் பள்ளமாக்கும், பிறகு குறி தப்பும். தடித்த துணி என்றால் நடுவில் சிக்கும். துணி வெள்ளையாகவே வெளியே வந்த பிறகுதான் எண்ணெய்த் துணி. கயிறும் எண்ணெய்க் குப்பியும் துப்பாக்கிக் கட்டையின் பின்புறக் குழிக்குள் இருக்கும். மூடுபனி ஊரில் ஒரு தடவை துடைத்தால் போதாது, அடுத்த சில நாளும் துடைத்துப் பார்க்க வேண்டும்.

தோட்டத்துப் 'பெரட்டு' பட்டாளத்துச் சொல்லா?
– வாசகர், தலவாக்கலை

'பரேட்' திரிந்து பெரட்டு ஆனது என்பார்கள். விடிகாலையில் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

குண்டு விழாத மலையில் காவல் எதற்கு?
– வாசகர், வெலிமடை

1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. மலாயா கைவிட்டுப் போனதால் நேச நாடுகளுக்கு இலங்கை இறப்பர் உயிர்நாடியானது. 1944இல் நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகமே பேராதனைக்கு வந்தது. உங்கள் பக்கத்துத் தியத்தலாவையில் 1939 முதல் ஜெர்மானியரை அடைத்து வைத்திருந்தார்கள். பௌத்த பிக்குவான ஞானதிலோக தேரரும் அவர்களில் ஒருவர். 1942இல் அவர்களை இந்தியாவின் தெஹ்ராதூனுக்கு மாற்றினார்கள்.

பாட்டனார் பிளாண்டர்ஸ் ரைபிள் படையில் இருந்தாராம். அவருடைய பதக்கத்தில் பெயரே இல்லை. நாடா செம்மஞ்சள், இரு ஓரமும் பச்சை. போலியா?
– வாசகி, பதுளை

போலி என்று முடிவு கட்ட வேண்டாம். பச்சையின் நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் அது 'டிஃபென்ஸ் மெடல்' நாடா. பிரிட்டன் வழங்கிய அந்தப் பதக்கத்தில் பெயர் பொறிக்கும் வழக்கம் இல்லை. ஆனால் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட பிளாண்டர்ஸ் படை வெள்ளைக்காரத் துரைமாருக்கானது. பாட்டனார் இலங்கை இலகு காலாட்படை போன்ற வேறொரு படையில் இருந்திருக்கலாம். சம்பளப் புத்தகமோ விடுவிப்புக் கடிதமோ இருந்தால் படையின் பெயரும் இலக்கமும் அதில் இருக்கும்.

பதக்கத்தைப் பிராசோ போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். காகிதத்தை லேமினேட் செய்யவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. பருத்தித் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் வையுங்கள், வெயில் நாளில் பெட்டியைத் திறந்து காற்றாட விடுங்கள்.