போய்ப் பார்த்துச் சொல்கிறேன்

சேலம் சூரமங்கலத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி

கேள்வி: மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கிறேன். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்திருக்கிறது. மக்களுக்கு உதவும் கருவி ஒன்றையாவது என் கையால் செய்ய வேண்டும் என்பதுதான் ஆசை. "முதல்ல லோனைக் கட்டு, ஊருக்கு உழைக்கிறது அப்புறம்" என்கிறார் அப்பா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அம்மா?
– மாணவி, ஓமலூர்

பதில்: லோனைக் கட்டு, கண்ணு. அப்பா சொல்வது நியாயம். வட்டி ஏறிக்கொண்டிருக்கும் வீட்டில் நிம்மதியாக ஒரு போல்ட்டைக்கூட முடுக்க முடியாது. வேலைக்குப் போ. சனி, ஞாயிறு உன்னுடையது. அதில் என்ன செய்யலாம் என்று சொல்ல, என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்குப் பதினோரு வயதில் எங்கள் தெருவுக்கு அடிபம்பு வந்தது. அதுவரை அம்மா விடிவதற்கு முன்னால் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் சேந்திக்கொண்டு வருவாள். பம்பு வந்த அன்று பிள்ளைகள் எல்லோரும் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினோம். சில மாதங்களில் கைப்பிடி ஆட ஆரம்பித்தது, பின் தேய்ந்தது, ஒரு நாள் தலைப்பகுதியே விரிசல் விட்டது. அம்மா மறுபடி கயிற்றை எடுத்தாள். ஏன் உடைந்தது என்று படிக்கப் போனபோதுதான் விளங்கியது. வெளிநாட்டில் ஒரே ஒரு குடும்பம் நாளுக்குச் சில வாளி அடித்துக்கொள்வதற்காக வரைந்த வார்ப்பிரும்பு வடிவம் அது. இங்கே விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஒரு தெருவே அதன்மேல் தொங்கியது.

அந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்ததுதான் இந்தியா மார்க் 2. மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் பக்கத்தில் செய்துபார்த்த பம்புகளிலிருந்து கற்றுக்கொண்டு, யுனிசெஃப் துணையோடு 1970களில் உருவாக்கினார்கள். நம் பக்கத்துக் கோயம்புத்தூர் வட்டாரத்து ஆழ்துளைக் கிணறுகளில் வைத்துத்தான் அடித்து அடித்துச் சோதித்தார்கள். எங்கேயாவது இன்னும் நின்றுகொண்டிருக்கும் பம்பைப் பார்த்தால் மூடியைக் கழற்றிப் பார். கைப்பிடியின் நுனியில் கால்வட்டமாக ஒரு இரும்பு இருக்கும், அதன்மேல் சைக்கிள் செயின் போல ஒரு சங்கிலி படிந்திருக்கும். கைப்பிடி வளைவாகத்தான் ஏறி இறங்குகிறது. அதை, கிணற்றுக்குள் இறங்கும் பம்புக் கம்பியில் நேராகப் பூட்டினால் ஒவ்வொரு அடிக்கும் கம்பி பக்கவாட்டில் இழுபடும், தேயும், முறியும். சங்கிலி அந்த வளைவை விழுங்கிக்கொண்டு கம்பியை நேராக மேலே தூக்குகிறது. இறங்குவதற்குக் கம்பியின் சொந்த எடையே போதும். கைப்பிடி திரும்பும் இடத்தில் பால் பேரிங். அடியில் கான்கிரீட் பிடிப்பு, மேலே சிந்தும் அழுக்குத் தண்ணீர் கிணற்றுக்குள் திரும்பிப் போகாதபடி. இருநூறு, முந்நூறு பேர் ஒரே பம்பில் அடித்தார்கள், தாங்கியது. இதற்கு யாரும் காப்புரிமை வாங்கிப் பூட்டி வைக்கவில்லை. எந்தப் பட்டறையும் செய்யலாம் என்று வரைபடத்தைப் பொதுவில் வைத்தார்கள். அந்தச் சங்கிலியை முதல் தடவை பார்த்த நாளில்தான் நான் இந்தத் தொழிலை விட மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

கல்லூரி முடித்து வேலைக்குப் போன இரண்டாம் வருடம், வாழப்பாடிக்கு உள்ளே ஒரு ஊர். நாங்களே நின்று இறக்கிய பம்பு. காற்றுதான் வந்தது. நான்கு மாதமாக அப்படியே கிடந்திருக்கிறது. உள்ளே சிலிண்டரில் தோல் வாஷர் தேய்ந்துபோயிருந்தது, சில ரூபாய்ச் சாமான். அதை மாற்ற வேண்டுமென்றால் குழாய் முழுவதையும் மேலே இழுக்க வேண்டும். முப்பது மீட்டர் ஆழத்துக்கு ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், மட்டுமே 90 கிலோவுக்கு மேல் வரும். முக்காலி வேண்டும், நாலு ஆள் வேண்டும், வண்டி வேண்டும். வண்டி எங்கள் அலுவலகத்தில் இருந்தது. அந்த ஊர் அதன் பட்டியலில் இல்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி கேட்டாள்: "பைப்பு வெக்கறதுக்கு வந்தீங்க. வாசரு மாத்தறதுக்கு யாரு சாமி வருவா?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. கற்ற படிப்பு முழுவதும் பம்பை இறக்கும் நாளோடு முடிந்திருந்தது என்பது அங்கேதான் உறைத்தது. பிறகு அந்த ஊருக்கே பல தடவை போனேன். இரண்டு பெண்களுக்கு ஸ்பேனர் பிடிக்கவும், செயினுக்குக் கிரீஸ் வைக்கவும், அடித்தட்டு போல்ட்டை முடுக்கவும் சொல்லிக்கொடுத்தேன். முதல் நாள் ஊரே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. மூன்றாவது மாதம் பக்கத்து ஊரிலிருந்து அவர்களைக் கூட்டிப் போக ஆள் வந்தது. வாஷர் மாற்றுவது மட்டும் அவர்கள் கைக்கு எட்டவில்லை. பின்னால் வந்த மார்க் 3இல் குழாயை அகலப்படுத்தி, பிஸ்டனை மட்டும் கம்பியோடு உருவி எடுக்கிற மாதிரி செய்தார்கள். குழாயைத் தொடவே வேண்டாம். பாட்டியின் கேள்விக்கு ஒரு பொறியாளர் கூட்டம் எழுதிய பதிலாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன்.

சரி, உன் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஓமலூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலைக்குப் போ. மரவள்ளிக்கிழங்கு குவிந்து கிடக்கும், பெண்கள் தரையில் உட்கார்ந்து கத்தியால் தோல் சீவுவார்கள். அவர்களோடு உட்கார்ந்து நீயும் சீவு. எங்கே வலிக்கிறது என்று உன் முதுகும் மணிக்கட்டும் சொல்லும். அதற்கு முன்னால் லேப்டாப்பைத் திறக்காதே. நீ செய்வது ஒரு நல்ல கத்திப் பிடியாகவோ, சரியான உயரத்தில் ஒரு மணையாகவோ இருந்தாலும் போதும். ஆறு மாதம் கழித்து மறுபடி போ. நீ செய்தது மூலையில் கிடந்தால் வருத்தப்படாமல், ஏன் மூலைக்குப் போனது என்று அவர்களையே கேள். எனக்கு எழுது.

கேள்வி: ஏற்காட்டில் இரண்டு ஏக்கர் காபி, மிளகு. ஓடை கீழே ஓடுகிறது, தொட்டி மேலே இருக்கிறது. லோ வோல்டேஜில் மோட்டார் இரண்டு தடவை காயில் போய்விட்டது. கரண்டே இல்லாமல் தண்ணீர் ஏற்றலாம் என்று ஒருவர் சொன்னார். நம்பலாமா?
– விவசாயி, ஏற்காடு

பதில்: நம்பலாம் ஐயா. ஹைட்ராலிக் ராம் என்பார்கள். பறக்கும் பலூன் செய்த மாண்ட்கோல்ஃபியே சகோதரர்களில் ஒருவரான ஜோசப், 1796இல் செய்தது. குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் 'டொம்' என்று ஒரு அடி கேட்குமே, அந்த அடிதான் இதன் எஞ்சின். ஓடைத் தண்ணீர் ஒரு சரிவான குழாயில் வேகம் பிடித்து இறங்கும். அந்த வேகமே ஒரு வால்வை அறைந்து மூடும். போக வழியில்லாத தண்ணீர் அழுத்தத்தோடு இன்னொரு வால்வைத் திறந்து காற்று அறைக்குள் பாயும், அங்கிருந்து மேலே ஏறும். அழுத்தம் தணிந்ததும் முதல் வால்வு தானே திறக்கும். 'தட்... தட்...' என்று இரவும் பகலும் அடித்துக்கொண்டே இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 60 லிட்டர் ஓடைத் தண்ணீர், 4 மீட்டர் இறக்கம், தொட்டி 40 மீட்டர் மேலே. 60 சதவீதத் திறனில் நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் மேலே போகும். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். ஒரு நாளுக்கு 5,000 லிட்டர். மீதித் தண்ணீர் ஓடைக்கே திரும்பிவிடும்.

இறங்கும் குழாய்க்கு பி.வி.சி. போடாதீர்கள், அது நெகிழ்ந்து அடியை விழுங்கிவிடும். ஜி.ஐ. போடுங்கள். வாய்ப்பக்கம் சல்லடை கட்டாயம். மிளகுக் கொடி ஏற்றியிருக்கும் சில்வர் ஓக் உதிர்க்கிற இலை இருக்கிறதே, ஒரு வாரத்தில் அடைத்துவிடும். காற்று அறையில் தண்ணீர் நிரம்பிவிட்டால் அடி கடுமையாகி வால்வு உடையும், அதற்குக் காற்று இழுக்கும் ஊசித்துளை வைப்பார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு முன்னால் சித்திரை வைகாசியில் ஓடையில் எவ்வளவு ஓடுகிறது என்று ஒரு வாளியும் கடிகாரமும் வைத்து அளந்துவிடுங்கள். மழைக்காலத்து அளவை நம்பிச் செலவு செய்ய வேண்டாம். ஓடை காட்டு எல்லைக்குள் இருந்தால் வனத்துறையிடமும், கீழே இருக்கும் தோட்டக்காரர்களிடமும் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் வெள்ளிப் பட்டறையில் கொலுசு பத்தவைக்கிறார். புகையில் இருமல். சில நாள் ராத்திரி காய்ச்சல் வந்து காலையில் போய்விடுகிறது. ஃபேன் போட்டால் சரியாகுமா?
– குடும்பத் தலைவி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: தங்கச்சி, இதைத் தள்ளிப்போடக் கூடாது. பத்தவைக்கிற பொடியில் காட்மியம் என்ற விஷ உலோகம் கலந்திருக்கிறதா என்று இன்றே கேட்கச் சொல்லுங்கள். காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும். அதாவது கொலுசு உருகாமல் ஒட்டுகிற சூட்டில், விஷம் ஏற்கெனவே காற்றில் ஏறியிருக்கும். அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் நெஞ்சு இறுகுவதும் காய்ச்சலும் வரும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடம் உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நெஞ்சு மருத்துவரிடம் போங்கள். "பத்தவைக்கிற வேலை, காட்மியம் புகை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

காட்மியம் இல்லாத பொடி இருக்கிறது: வெள்ளி, செம்பு, துத்தநாகம் கலந்தது. அதற்குக் கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும், கை பழக வேண்டும். இதுதான் உண்மையான தீர்வு.

சீலிங் ஃபேன் புகையை அறை முழுக்கப் பரப்பி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் சேர்த்துக் கொடுக்கும். புகை எழும் இடத்திலேயே அதை இழுக்க வேண்டும். உறிஞ்சும் குழாயின் வாய் ஆறு அங்குல அகலம் என்றால், புகை எழும் இடம் ஆறு அங்குலம் தள்ளி இருந்தாலே இழுவை பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பத்தவைக்கிற இடத்தில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துப் பாருங்கள். புகை நேராகக் குழாய்க்குள் போனால் சரி. மூக்கைத் தாண்டிப் போனால் குழாயை இன்னும் கிட்டே கொண்டுவர வேண்டும். வெளியே விடும் முனை கூரைக்கு மேலே இருக்கட்டும், எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து வேண்டாம். துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்வது இந்தப் புகைக்குப் போதாது. கொலுசு அணிகிற ஒவ்வொரு காலுக்கும் பின்னால் இப்படி ஒரு மூச்சு இருக்கிறது என்பது எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம். பட்டறை முதலாளி சம்மதித்தால் நானே வந்து குழாய் எங்கே வைப்பது என்று பார்க்கிறேன். பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: ஏவுகணை செய்கிற விஞ்ஞானம் ஏழைகளுக்கு எப்படி உதவும்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், அயோத்தியாப்பட்டணம்

பதில்: நல்ல கேள்வி தம்பி. ஹைதராபாத்தில் அப்துல் கலாமின் ஆய்வுக்கூடத்துக்கு எலும்பு மருத்துவர் ஒருவர் வந்தார். ஏவுகணைக்காகச் செய்த எடை குறைந்த பொருளைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, கலாமைத் தன் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். அங்கே போலியோ பாதித்த பிள்ளைகள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் காலிப்பரை, அதாவது காலைத் தாங்கக் கட்டும் சட்டத்தை, இழுத்துக்கொண்டு நடந்தார்கள். சில வாரங்களில் அதே வேலையைச் செய்யும் 300 கிராம் காலிப்பர் தயாரானது. அந்தப் பிள்ளைகள் ஓடியதைப் பார்த்ததைப் பற்றிக் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். நீ கவனிக்க வேண்டியது அந்த மருத்துவரை. அவர் ஆய்வுக்கூடத்துக்குப் போனார், கலாம் மருத்துவமனைக்குப் போனார். இரண்டில் ஒன்று நடக்காமல் இருந்திருந்தாலும் அந்த 300 கிராம் பிறந்திருக்காது.

கேள்வி: போன இதழில் நீங்கள் சொன்னபடி மொட்டைமாடி மழைநீருக்கு 200 லிட்டர் டிரம்மில் ஜல்லி, மணல், கரி போட்டு வடிகட்டி வைத்தேன். போன வாரம் அடித்த மழையில் டிரம் நிரம்பி வழிந்து, படிக்கட்டு வழியாகத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. கம்ப்யூட்டரும் நனைந்தது. இதுதான் உங்கள் அனுபவமா?
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: ஐயா, தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் மழையை வைத்துக் கணக்குப் போட்டேன், ஒரு நிமிட மழையை வைத்துப் போட்டிருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். உங்கள் மாடி ஆயிரம் சதுர அடி, 93 சதுர மீட்டர். நம் ஊரில் ஐப்பசியில் இடி இடித்துப் பெய்யும் மழை மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் இறங்கினால், நிமிடத்துக்கு 93 லிட்டர். மணல் நிரம்பிய டிரம்மில் அந்த வேகத்தில் தண்ணீர் இறங்க வழியே இல்லை. 2003இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது இந்தக் கணக்கை எத்தனையோ வீடுகளில் நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். இங்கே கடிதத்தில் சுருக்கமாகச் சொல்லப்போய் விட்டுவிட்டேன். இதைப் படித்து டிரம் வைத்த மற்ற வாசகர்கள், அடுத்த மழைக்கு முன்னால் டிரம்மின் வாய்க்குக் கீழே நாலு அங்குலக் குழாய் ஒன்றைப் பொருத்தி, வழிகிற தண்ணீரை உறிஞ்சு குழிக்கு விட்டுவிடுங்கள். மணலை ஓரடியாகக் குறைத்து, மேலே பெரிய ஜல்லியைக் கூட்டுங்கள்.

உங்கள் வீட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறேன். குழாயும் எல்போவும் பசையும் நான் கொண்டு வருகிறேன். என் ஏணி மாடிக்கு எட்டாது, உங்களிடம் இருந்தால் எடுத்து வையுங்கள். கம்ப்யூட்டரை அதற்குள் ஆன் செய்து பார்க்க வேண்டாம்.