காட்ஸில்லா சாகும்போது

அன்புள்ள ஐயா,

வணக்கம். காட்ஸில்லா என்றால் எனக்கு இதுவரை ஹாலிவுட் படங்கள்தான். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் அவற்றுக்குத் தீவிர ரசிகை. போன வாரம்தான் 1954இல் வந்த ஜப்பானிய மூலப்படத்தைச் சப்டைட்டிலுடன் முதல்முறையாகப் பார்த்தேன். ஆரம்பத்தில் சிரிப்பு வந்தது. குன்றுக்குப் பின்னாலிருந்து அது தலை நீட்டும்போதே பொம்மை என்று தெரிகிறது. ரப்பர் உடைக்குள் ஓர் ஆள் நடக்கிறார் என்பதும் தெரிகிறது. ஆனால் போகப்போகச் சிரிப்பு நின்றுவிட்டது. கடைசியில் கடலடியில் அது சாகும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு நகரத்தையே எரித்த மிருகத்துக்காக ஏன் வருத்தப்பட வேண்டும்? படத்தில் வரும் முதிய விஞ்ஞானியும் அதைக் கொல்லக் கூடாது என்கிறார். இத்தனை பேர் செத்த பிறகும் ஒருவர் அப்படி நினைக்கலாமா என்று எரிச்சலாக இருந்தது. யார் பக்கம் நிற்பது என்று இயக்குநருக்கே தெரியவில்லையா, இல்லை நான் எதையாவது கவனிக்காமல் விட்டேனா? என் மகளுக்கு இதைக் காட்டலாமா என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கே., ஈரோடு

அன்புள்ள கே.,

நீங்கள் எதையும் விடவில்லை. உங்களுக்கு வந்த அந்த வருத்தத்துக்காகத்தான் மொத்தப் படமும் எடுக்கப்பட்டிருக்கிறது. கடைசிக் காட்சியை மட்டும் இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். டோக்கியோ விரிகுடாவின் அடியில் இரண்டு பேர் இறங்குகிறார்கள். அந்த நேரத்தில் காட்ஸில்லா யாரையும் தாக்கவில்லை. ஓய்ந்து கிடக்கிறது, பிறகு மெதுவாக எழுகிறது. பின்னணியில் ஒலிப்பது இரங்கல் இசை. அது செத்ததும் கப்பலில் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் வெற்றி, வெற்றி என்று உணர்ச்சி பொங்கப் பேசுகிறார். கதையில் நாம் கூடவே வந்த மனிதர்கள் அவர் பக்கத்தில் நின்று அழுகிறார்கள். இயக்குநர் இஷிரோ ஹோண்டா இரண்டையும் ஒரே கப்பலில், ஒரே நேரத்தில் வைக்கிறார். தான் யார் பக்கம் என்பதை அவர் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இந்தப் படம் வந்த ஆண்டில் ஜப்பானில் என்ன நடந்தது என்று தெரிந்தால் இன்னும் பல காட்சிகள் திறக்கும். 1954 மார்ச் 1 அன்று பசிபிக்கின் பிகினி தீவுத்திட்டில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. வெடிப்பு கணித்ததைவிட இரண்டரை மடங்கு பெரிதாகிவிட்டது. அப்போது அந்தப் பக்கம் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மீது கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. படகின் பெயர் டைகோ ஃபுகுர்யு மாரு. அதிலிருந்த 23 பேரும் நோயுற்றுத் திரும்பினார்கள். மீன் சந்தைகளில் பீதி பரவியது, கதிரியக்கம் ஏறிய மீனைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். படகில் வானொலிக் கருவியை இயக்கிய ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். படம் வெளியானது நவம்பர் 3. அவர் இறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை.

இப்போது முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். கப்பலின் மேல்தளத்தில் மாலுமிகள் பாட்டு வாசித்தபடி இளைப்பாறுகிறார்கள். திடீரென்று கடல் வெளிச்சமாகிறது, கப்பல் தீப்பற்றி மூழ்குகிறது. எந்த மிருகத்தையும் நமக்குக் காட்டவில்லை. அன்று திரையரங்கில் இருந்தவர்களுக்கு அந்த வெளிச்சம் எது என்று விளக்கவும் தேவையிருக்கவில்லை.

அப்புறம் அந்த ரயில் காட்சி. அரை நிமிடம்கூட இருக்காது, நிறையப் பேர் கவனிப்பதில்லை. வேலைக்குப் போகும் ஒரு பெண் சலிப்போடு பேசுகிறாள். கதிரியக்க மீன் என்றார்கள், மழையிலும் விஷம் என்றார்கள், இப்போது காட்ஸில்லாவா? நாகசாகியிலிருந்து தப்பித்து வந்தேனே, இதற்குத்தானா? மறுபடியும் ஊரைக் காலி செய்ய வேண்டுமா என்று உடன் வருகிறவர் அலுத்துக்கொள்கிறார். எனக்கு இந்தப் படத்தின் மிகத் துணிச்சலான இடம் இதுதான். அணுகுண்டில் பிழைத்த ஒருத்தியை அழவைக்காமல், அலுவலகம் போகிற சாதாரணப் பெண்ணாக ரயிலில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

காட்ஸில்லா டோக்கியோவை எரிக்கும் இரவும் அப்படித்தான். 1945 மார்ச் 10 அதிகாலை அமெரிக்க விமானங்கள் டோக்கியோ மீது தீக்குண்டுகள் வீசியதில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். ஒன்பது வருடம் கழித்து, அதே நகரம் எரிவதைத் திரையில் பார்க்க அந்த ஊர் மக்களே டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்தார்கள். ஹோண்டாவும் இதையெல்லாம் தூரத்திலிருந்து கேள்விப்பட்டவர் இல்லை. படைக்கு அழைக்கப்பட்டுச் சீனாவில் பல ஆண்டுகள் இருந்தவர். போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கண்ணால் பார்த்தவர். கின்சா கடைத்தெருவில் ஒரு தாய் குழந்தைகளை அணைத்தபடி, கொஞ்ச நேரத்தில் அப்பாவிடம் போய்விடுவோம் என்று சொல்கிறாளே, அந்த அப்பா எங்கே போனார் என்று படம் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாத பார்வையாளர்களுக்காக எடுத்த படம்.

ஆனாலும் என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தின் உயிர் அந்த இரவில் இல்லை. மறுநாள் காலையில் இருக்கிறது. ராட்சத மிருகப் படங்களில் கட்டடங்கள் சரியும், ஜனம் ஓடும், அடுத்த சண்டைக்குப் போய்விடுவார்கள். அடிபட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஹோண்டா நம்மை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறார். நடைவழியெல்லாம் படுக்கைகள். ஒரு குழந்தையின் அருகே கதிர்வீச்சு அளக்கும் கருவியைப் பிடிக்கிறார்கள், அது சத்தமிடுகிறது. அங்கே உதவிக்கு நிற்கும் எமிகோ, அந்த முதிய விஞ்ஞானியின் மகள், செரிசாவா என்ற இளம் விஞ்ஞானிக்குக் கொடுத்த வாக்கை மீறி அவருடைய ரகசிய ஆயுதத்தைப் பற்றிச் சொல்வது இதைப் பார்த்த பிறகுதான். கதையின் பெரிய திருப்பம் போர்க்களத்தில் வராமல் ஒரு மருத்துவமனை வார்டில் வருகிறது.

இனி உங்களுக்கு எரிச்சல் மூட்டிய முதியவர், டாக்டர் யமானே. தகாஷி ஷிமுரா நடித்த பாத்திரம். ஹைட்ரஜன் குண்டையே தாங்கிய உயிர் இது, எப்படித் தாங்கியது என்று படிக்காமல் கொல்லத் துடிக்கிறார்களே என்பது அவர் வேதனை. இரண்டு அணுகுண்டுகள் விழுந்த நாட்டில் அது வீண் ஆராய்ச்சி ஆசை இல்லை, உயிர்வாழ்வது பற்றிய கேள்வி. ஆனால் அவர் சொல்வதுதான் சரி என்றும் படம் சொல்வதில்லை. ஒகாத்தா என்கிற இளைஞன் அவரிடம் நேருக்கு நேர் மறுத்துப் பேசுகிறான். அவர் கோபித்துக்கொள்கிறார். உங்கள் எரிச்சலும் அந்த இளைஞனின் வாயிலாகப் படத்துக்குள்ளேயே இருக்கிறது.

செரிசாவாவிடம்தான் எல்லாம் வந்து சேர்கிறது. போரில் ஒரு கண்ணை இழந்தவர். தண்ணீரிலுள்ள உயிர்களையெல்லாம் நொடியில் அழிக்கும் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு அதைப் பார்த்தே நடுங்குகிறார். ஒருமுறை பயன்படுத்தினால் போதும், அரசியல்வாதிகள் அதை அடுத்த குண்டாக மாற்றிவிடுவார்கள் என்பது அவர் பயம். அணுகுண்டைச் செய்த விஞ்ஞானிகளைப் பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்த காலம் அது. தொலைக்காட்சியில் பள்ளிச் சிறுமிகள் அமைதிக்காகப் பாடுவதைக் கேட்டு, காட்ஸில்லா மீது அதைப் பயன்படுத்தச் சம்மதிக்கிறார், குறிப்புகளை எரிக்கிறார். காகிதம் எரிந்தாலும் தலைக்குள் இருப்பது எரியாதே! அதனால்தான் கடலடியில் தன் கயிற்றையும் காற்றுக்குழாயையும் தானே வெட்டிக்கொள்கிறார். நீங்கள் கண்கலங்கிய அந்த இடத்தில் சாவது இரண்டு உயிர்கள். ஒன்றைக் குண்டு எழுப்பி, எரித்து, ஊருக்குள் துரத்தியது. மற்றவரைப் போர் தின்றது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் தொண்டை அடைக்கிறது.

ரப்பர் உடை பற்றியும் சொல்ல வேண்டும். சிறு பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் படமெடுக்கும் ஹாலிவுட் முறைக்கு, படத்தின் தந்திரக் காட்சிகளை உருவாக்கிய எய்ஜி சுபுராயாவிடம் நேரமும் இல்லை, பணமும் இல்லை. அதனால் ஹருவோ நகாஜிமா என்ற நடிகர் ஏறக்குறைய 100 கிலோ எடையுள்ள உடைக்குள் புகுந்து, சுட்டெரிக்கும் விளக்குகளுக்குக் கீழே நடந்தார். ஒரே மூச்சில் சில நிமிடங்களுக்கு மேல் தாங்க முடியாது. கேமராவை வேகமாக ஓட்டிப் பதிவு செய்ததால் திரையில் ஒவ்வோர் அடியும் கனக்கிறது. உடையின் தோலைப் பாருங்கள், செதில்களாக இருக்காது, தீக்காயம் ஆறிய தழும்பைப் போலிருக்கும். அந்த உறுமலை உருவாக்கியவர் இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே. கான்ட்ராபாஸ் என்னும் பெரிய தந்திக் கருவியின் தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்துப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து ஓட்டினார்கள். ஏழு வயதுக் குழந்தைகூட அந்தச் சத்தத்தைக் கேட்டால் அடையாளம் சொல்லிவிடும்.

நீங்கள் 96 நிமிட மூலத்தைப் பார்த்தது நல்லதாயிற்று. 1956இல் அமெரிக்காவில் ரேமண்ட் பர் நடித்த புதிய காட்சிகளைச் செருகி வேறொரு வடிவம் வெளியிட்டார்கள். அந்த ரயில் பேச்சு அதில் கிடையாது. சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு காட்ஸில்லா எங்காவது வரும் என்ற யமானேயின் கடைசி வார்த்தையும் கிடையாது. ஜப்பானுக்கு வெளியே நிறையப் பேருக்குப் பல பத்தாண்டுகள் அதுதான் காட்ஸில்லா. மூலப்படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு முறையாகப் போனது 2004இல்தான். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

மகளுக்குத் தாராளமாகக் காட்டுங்கள். பிகினி சோதனையையும் அந்தப் படகையும் பற்றி முன்னாலேயே பத்து நிமிடம் பேசிவிட்டுப் படத்தைப் போடுங்கள். மருத்துவமனைக் காட்சியில் பக்கத்தில் இருங்கள், கேள்வி கேட்டால் படத்தை நிறுத்திப் பதில் சொல்லுங்கள். பிடித்திருந்தால் அடுத்ததாக 2023இல் வந்த ஜப்பானியப் படம், 'காட்ஸில்லா மைனஸ் ஒன்'. போர் முடிந்த கையோடு நடக்கும் கதை, காட்சி உத்திகளுக்காக ஆஸ்கர் வாங்கியது. இரண்டையும் பார்த்துவிட்டு அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.