ஏறிய பூனைக்கு இறங்கத் தெரியவில்லை: கேள்வி பதில்

எங்கள் அப்பா ஆரையம்பதியில் தென்னை ஏறிப் பிழைத்தவர். நான் மிருக வைத்தியர் ஒருவரிடம் இருபது வருடங்களுக்கு மேல் உதவியாளராக இருந்தேன். அதனால் அயலில் பூனை ஒன்று மரத்தில் அகப்பட்டுக்கொண்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து உறவுகள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கல்லடி: அண்ணா, எங்கள் பூனை நேற்று மாலை மாமரத்தில் ஏறியது. கீழே பார்த்துப் பார்த்து அழுகிறது, இறங்கவில்லை. ஏறத் தெரிந்ததற்கு இறங்கத் தெரியாதா?

தெரியாமல்தான் அழுகிறது தங்கச்சி. பூனையின் நகம் பின்னோக்கி வளைந்த கொக்கி. ஏறும்போது உடம்பின் பாரமே அந்தக் கொக்கியைப் பட்டைக்குள் இறுக்கிவிடும். தலைகீழாக இறங்கப் பார்த்தால் அதே நகம் பிடிகொடுக்காமல் வழுக்கும். அணில் தன் பின்னங்காலைப் பின்பக்கம் திருப்பி, நகத்தில் தொங்கியபடியே தலைகீழாக ஓடிவரும். பூனைக்குக் கணுக்கால் அப்படித் திரும்பாது. நாம் ஏணியில் இறங்குவது போல அது பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். வெளியே திரிந்து வளர்ந்த பூனை இதைப் பழகியிருக்கும். வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவையும் ஆறேழு மாதக் குட்டிகளும் பழகியிருக்காது. பிடிவாதம் பிடிக்கிறது என்று ஏசாதீர்கள், பாவம்.

முதல் வேலை மரத்தில் இல்லை, மரத்தடியில் இருக்கிறது. நாயைக் கட்டுங்கள். கூடி நிற்கும் பிள்ளைகளை அனுப்பிவிடுங்கள். பூனைக்குப் பழகிய ஒருவர் மட்டும் அடியில் இருந்து, தினமும் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் அதே குரலில் கூப்பிடட்டும். சூடை மீன் இரண்டைப் பொரித்து மணக்க மணக்க வையுங்கள். ஊர் அடங்கிய பிறகு பெரும்பாலான பூனைகள் தாமாகவே வந்துவிடும். உங்களுடையது ஏற்கெனவே ஓர் இரவைக் கழித்துவிட்டது. இன்று பின்னேரத்துக்குள் வராவிட்டால், கீழே கல்முனைக்காரருக்குச் சொல்லியிருக்கிறபடி கடகத்தை (ஓலைப் பெட்டியை) கட்டுங்கள்.

காத்தான்குடி: உங்களுக்கு மூத்தவன் நான், தம்பி. பொறுங்கள் என்கிறார்கள் எல்லோரும். எவ்வளவு நேரம் பொறுப்பது?

காக்கா, நல்ல சுகத்தோடு இருக்கும் வளர்ந்த பூனை என்றால் ஓர் இரவு பொறுக்கலாம். 24 மணித்தியாலம் கடந்தால் இறக்கும் வேலையைத் தொடங்க வேண்டும், 48ஐத் தாண்ட விடவே கூடாது. நம் வெயிலில் தண்ணீர் இல்லாமல் உடம்பு வற்றிவிடும். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறி, இறங்கிய பிறகும் சாகக்கூடும். குட்டி, சினைப் பூனை, காயப்பட்டது, கழுத்துப் பட்டி கிளையில் மாட்டியது என்றால் பொறுக்கும் பேச்சே இல்லை. உடனே இறக்குங்கள்.

செட்டிபாளையம்: தென்னை வட்டில் (மரத்தின் உச்சியில்) நேற்றிலிருந்து ஒரு கடுவன் பூனை இருக்கிறது. எலி ஏறாமல் மரத்தைச் சுற்றித் தகரம் அடித்திருக்கிறோம். அதைத் தாண்டி எப்படி ஏறியது என்றே புரியவில்லை.

அது அடியிலிருந்து ஏறியிருக்காது. கூரையிலிருந்தோ பக்கத்து மரத்திலிருந்தோ ஓலைக்குத் தாவியிருக்கும். வட்டில் எலி கூடு கட்டும், அந்த மணம்தான் இழுத்திருக்கும். பின்பக்கமாக இறங்கத் தெரிந்த பூனையாக இருந்தாலும் தகரம் வரை வந்து நின்றுவிடும். எலிக்கு அடித்த தகரம் பூனைக்கும் வழுக்கும்.

இதே போன்ற ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு சாம்பல் கடுவன் தகரத்தின் மேல் விளிம்பு வரை வந்து, ஒரு பின்னங்காலை மெல்ல நீட்டித் தகரத்தைத் தொட்டுப் பார்க்கும். நகம் கிறீச்சென்று வழுக்கியதும் காலைச் சடாரென்று இழுத்துக்கொண்டு மறுபடி வட்டுக்குள் ஓடிவிடும். நான் எண்ணிக்கொண்டு நின்றேன், ஆறு தடவை. ஏறிப் பிடிப்போம் என்று ஒரு பெடியன் புறப்பட்டான். அப்பா விடவில்லை. ஆள் ஏறினால் பூனை ஓலை நுனிக்குப் போகும், ஓலை தாழ்ந்தால் விழும் என்றார். ஏணியை வைத்து, இரண்டு உரப்பைகளைத் தகரம் முழுவதும் மூடும்படி, மேலே ஒரு முழமும் கீழே ஒரு முழமும் மரத்தில் படிய, தும்புக் கயிற்றால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டினார். எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். விடியப்புறம் பையில் நகம் மாட்டி மாட்டி விடுபடும் ‘டிக் டிக்’ சத்தம் கேட்டது. காலையில் மரம் வெறுமையாக இருந்தது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள், இன்றைக்கே. கயிறு தளர்ந்திருந்தால் பை சுழன்று பூனை விழுந்துவிடும். இழுத்துப் பார்த்து இறுக்குங்கள். நாளை காலைக்குள் இறங்காவிட்டால், தேங்காய் பறிக்கும் தொழில் செய்பவர் ஒருவரைக் கூப்பிடுங்கள், நீங்கள் ஏறாதீர்கள்.

கல்முனை: பெரிய மாமரம், ஏணி எட்டாது. மரம் முழுக்க முசுறு எறும்பு.

முசுறு இருக்கும் மரத்தில் ஆள் ஏறக் கூடாது. கடித்தவுடன் கை தானாகவே பிடியை விட்டுவிடும். கடகம் கட்டுங்கள். மெல்லிய நூலில் சிறிய பாரத்தைக் கட்டி, பூனைக்கு அருகே, ஆனால் அதன் மேல் படாமல், அதற்கு மேலே உள்ள தடித்த கிளையைத் தாண்டி எறியுங்கள். நூலோடு கயிற்றை இழுத்தெடுங்கள். ஆழமான கடகத்தின் இரண்டு காதிலும் கயிற்றைக் கட்டி, உள்ளே நீங்கள் உடுத்துக் கழற்றிய சாரனை விரித்து, மீனை வைத்து, பூனை இருக்கும் கிளையோடு ஒட்ட உயர்த்துங்கள். மறுமுனையைத் தூணில் கட்டிவிட்டுத் தள்ளிப் போய் இருங்கள். அது உள்ளே போனதும் இழுக்க வேண்டாம். தின்னத் தொடங்கட்டும். பிறகு பிடி மாற்றிப் பிடி மாற்றி மெதுவாக இறக்குங்கள். ஒரு குலுக்கல் போதும், பாய்ந்துவிடும். பசி முற்றினால்தான் சில பூனைகள் ஏறும், ஆகவே மூன்று நான்கு மணித்தியாலம் தொங்க விடுங்கள்.

கிளை தாழ்வாக இருந்தால் காய்ந்த கமுகு மரம் ஒன்றில் சாக்கைச் சுற்றிக் கிளையில் சாய்த்து வைத்தாலே போதும்.

அக்கரைப்பற்று: மரத்தின் ஊடாக மின்கம்பி போகிறது. நீளமான மூங்கில் கொக்கத்தடியால் தள்ளிவிடலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். பச்சை மூங்கிலும் நனைந்த தடியும் மின்சாரத்தைக் கடத்தும். 1987க்கு அழைத்து மின்சார சபைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து மின்னைத் துண்டிக்கும் வரை மரத்தைக்கூடத் தொடாதீர்கள். கம்பியே இல்லாத மரத்திலும் தடியால் தள்ளாதீர்கள், குத்துப்பட்ட பூனை இன்னும் மேலேதான் போகும்.

ஏறாவூர்: பைப்பால் தண்ணீர் அடித்தால் குதித்துவிடும், பூனை நாலு காலில்தானே விழும் என்று பெடியன்கள் சொல்கிறார்கள்.

நாலு காலில் விழுந்தாலும் அடிபடும். நியூயோர்க்கில் மாடிகளிலிருந்து விழுந்து வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றி 1987இல் ஓர் ஆய்வு வந்தது. சிகிச்சை பெற்றவற்றில் பத்துக்கு ஒன்பது பிழைத்தன. அதைச் சொல்லித்தான் பலர் தைரியம் கொடுக்கிறார்கள். விழுந்த இடத்திலேயே செத்தவை அந்தக் கணக்கில் வரவில்லை. பிழைத்தவற்றுக்கும் நெஞ்சில் அடி, தாடை உடைவு, மேலண்ணப் பிளவு, கால் முறிவு என்று பலவும் இருந்தன. தண்ணீர் பட்டையையும் வழுக்கலாக்கும். கல்லெறிவதும் மரத்தைக் குலுக்குவதும் கொடுமை. அதைப் பார்த்தால் பெரியவர்கள் நிறுத்துங்கள்.

ஒருவேளை விழுந்துவிட்டால், நடக்கிறதே என்று விட்டுவிடாமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். வலிக்கு என்று பனடோல் (பரசிற்றமோல்) கொடுக்கவே கூடாது. பூனையின் ஈரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது, ஒரே மாத்திரை கொன்றுவிடும். அடிபட்டுப் பிழைத்திருக்க வேண்டிய பூனைகள் இப்படிச் செத்ததைப் பார்த்தவன் நான்.

வாழைச்சேனை: மாரி மழை விடாமல் பெய்கிறது. இரவிலேயே ஏறி எடுக்கவா?

இல்லை. நனைந்த மரத்தில், இருட்டில், பழகியவனே ஏறமாட்டான். விடியட்டும்.

திருக்கோவில்: இறக்கும்போது கையில் நன்றாகப் பிறாண்டிக் கடித்துவிட்டது.

ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள் அம்மா. கழுவியதும் அரச வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய்க்கடி நோய் பூனையாலும் வரும், சொந்தப் பூனை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அடுத்த தடவை தடித்த துவாயால் முகத்தை மூடி, பிடரியோடு சேர்த்துப் பிடியுங்கள்.

கல்லடி, மீண்டும்: கடகம் ஏற்றினோம் அண்ணா, வந்துவிட்டது! கட்டிலுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது.

மனம் குளிர்ந்தது தங்கச்சி. இழுத்தெடுக்காதீர்கள், அங்கேயே இருக்கட்டும். முதலில் தண்ணீர். அரை மணித்தியாலம் கழித்துக் கொஞ்சம் மீனும் சோறும், பிறகு இன்னும் கொஞ்சம். ஒரேயடியாக நிறையக் கொடுத்தால் சத்தி எடுக்கும். அது தானாக வெளியே வந்ததும் நகங்களைப் பாருங்கள். ஒன்றிரண்டு பிளந்திருக்கலாம், உப்புத் தண்ணீரால் துடைத்தால் ஆறும். முரசு (பல் ஈறு) வெளிறியிருந்தாலோ நாளைக் காலை வரை சாப்பாட்டைத் தொடாமல் இருந்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். அந்தக் கயிற்றை ஒரு வாரத்துக்குக் கிளையிலேயே விட்டுவையுங்கள். ஏறிய மரத்திலேயே மறுபடியும் ஏறும்.