பவுலிங் லீக்: வராத வாரத்துக்கும் காசு

கேள்வி: மாதம் ஒருமுறை நண்பர்களோடு பவுலிங் ஆடப் போவேன். அலுவலகத்தில் சிலர் லீகில் சேர்கிறார்கள். நான்கு பேர் அணிக்கு ஒருவர் குறைகிறாராம், என்னை வரச் சொல்கிறார்கள். வாரக் கட்டணம் பெரிதாகத் தெரியவில்லை. சீசன் முடிவில் பரிசுப் பணமும் உண்டு என்கிறார்கள். என் ஸ்கோர் 130ஐச் சுற்றித்தான் இருக்கும். சேரலாமா?

பதில்: (பவுலிங் என்றதும் கிரிக்கெட் நினைவுக்கு வருபவர்களுக்கு: இது பந்தை உருட்டி 10 பின்களைத் தள்ளுகிற பவுலிங்.)

வாரக் கட்டணத்தை விடுங்கள், எத்தனை வாரம் என்று முதலில் கேளுங்கள். முழு சீசன் லீகுகள் பலவும் 30 வாரத்தைத் தாண்டி ஓடும். வாரத்துக்கு ஒரு நாள், அநேகமாக 3 ஆட்டம். இரண்டு அணிகளின் எட்டுப் பேரும் பக்கத்துப் பக்கத்து லேன்களில் (பந்து உருட்டும் தடங்களில்) மாறி மாறி ஆடி முடிக்க இரண்டரை மணி நேரமாவது ஆகும்.

சேருகிறவர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. மட்டம் போட்ட வாரத்துக்கும் காசு கட்டவேண்டும். காய்ச்சல், வெளியூர்ப் பயணம், வீட்டில் விசேஷம் என்று எதைச் சொன்னாலும் பெரும்பாலான லீகுகளில் எடுபடாது. அநியாயமாகத் தோன்றும். ஆனால் அந்த லேன் அந்த நேரத்துக்கு உங்கள் அணிக்கென்று ஒதுக்கப்பட்டது. பரிசு நிதியும், எல்லாரும் எல்லா வாரமும் கட்டுவார்கள் என்ற கணக்கில்தான் போடப்படுகிறது. நீங்கள் கட்டாவிட்டால் அந்தப் பள்ளம் மற்ற மூவர் தலையில் விழும். இதனால்தான் பல லீகுகள் கடைசி இரண்டு வாரத்துப் பணத்தைத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுகின்றன. கைக்காசு எவ்வளவு வேண்டும் என்று பார்க்கும்போது இதையும், உறுப்பினர் சந்தாவையும் முதல் வாரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலண்டரை எடுத்து, எந்தெந்த வாரம் போகமுடியாது என்று இப்போதே குறியுங்கள். நாலைந்துக்குள் இருந்தால் தாங்கும். பத்தைத் தொட்டால் முழு சீசன் உங்களுக்கு ஒத்துவராது. 10, 12 வாரத்தில் முடிகிற குறுகிய சீசன் நடந்தால் அதில் ஆடிப் பாருங்கள். இன்னொரு வழி, மாற்று ஆட்டக்காரராகப் பெயர் கொடுப்பது. யாராவது வராத நாளில் ஆடலாம், சீசன் முழுக்கக் கட்டவேண்டிய கட்டாயம் கிடையாது. அந்த நாளின் கட்டணத்தை வராதவர் கட்டுவாரா நீங்கள் கட்டுவீர்களா என்பதை மட்டும் முன்னாலேயே பேசிவிடுங்கள். நண்பர்களுக்குள் மனக்கசப்பு வருவது இப்படிப்பட்ட சின்னத் தொகையில்தான்.

அப்புறம் பரிசுப் பணம். வாரம் நீங்கள் கட்டும் தொகையில் ஒரு பகுதி லேன் வாடகைக்குப் போகும். கொஞ்சம் செயலாளர், பொருளாளர் ஊதியத்துக்கு. மீதிதான் பரிசு நிதி. விளம்பரதாரர் இல்லாத லீகில், கடைசி நாள் உறையில் வருவது உங்கள் காசேதான், நடுவில் லேன் வாடகை கழிந்திருக்கும். முதலிடம் பிடித்த அணிக்குக்கூட கட்டியதெல்லாம் திரும்பும் என்று சொல்லமுடியாது. அதை வருமானமாக நினைத்துச் சேராதீர்கள். கட்டணம் எப்படிப் பிரிகிறது, எந்த இடத்துக்கு எவ்வளவு என்பதைத் தாளில் கேட்டு வாங்குங்கள். ஒழுங்காக நடக்கும் லீகில் அதைக் காட்டத் தயங்கமாட்டார்கள். வாயால் மட்டும் சொன்னால் நான் சேரமாட்டேன்.

130 என்று கூச்சப்படவேண்டாம், ஹேண்டிகேப் (சராசரி குறைந்தவருக்குச் சேர்த்துக் கொடுக்கும் பின் கணக்கு) எதற்கு இருக்கிறது? ஒரு லீகில் அடிப்படை எண் 220, விகிதம் 90 சதவீதம் என்று வையுங்கள். 220க்கு நீங்கள் 90 குறைவு. அதில் 90 சதவீதம், அதாவது 81 பின், ஒவ்வொரு ஆட்டத்திலும் உங்களுக்கு இனாம். எதிரே 200 சராசரிக்காரர் என்றால் அவருக்கு 18. இருவரும் தத்தம் சராசரியை அடித்தால் நீங்கள் 211, அவர் 218. விகிதம் 100க்குக் கீழே இருக்கும்வரை நன்றாக ஆடுபவருக்குச் சிறு சாதகம் இருக்கும்.

ஆனால் புதியவருக்கும் ஒரு சாதகம் உண்டு. சீசன் தொடக்கத்திலிருந்து ஆடிய ஆட்டங்களையெல்லாம் சேர்த்துத்தான் சராசரி போடுவார்கள். நீங்கள் நடுவில் 150 அடிக்கத் தொடங்கினாலும் சராசரி மெதுவாகத்தான் ஏறும், ஹேண்டிகேப்பும் மெதுவாகத்தான் இறங்கும். முன்னேறிக்கொண்டிருக்கும் புது ஆள் அணிக்கு லாபம். உங்கள் அலுவலகக்காரர்கள் விவரமாகத்தான் கூப்பிடுகிறார்களோ என்னவோ!

அப்படியானால் கொடுத்த காசுக்கு என்னதான் கிடைக்கும்? வாரம் தவறாமல் 3 ஆட்டம், அதுவும் ஸ்கோர் பதிவாகிற ஆட்டம். மாதம் ஒருமுறை அரட்டைக்கு நடுவே உருட்டும்போது தெரியாத பலவீனம் ஐந்தாவது வாரத்தில் பளிச்சென்று தெரியும். வலக்கைக்காரருக்கு அது பெரும்பாலும் வலது மூலையில் ஒற்றையாக நிற்கும் 10ஆம் பின்தான். முதல் பந்தில் ஒன்பது விழும், அது மட்டும் நின்றுகொண்டு பல்லைக் காட்டும். லீகில் ஆடுபவர்களுக்குப் பயிற்சி ஆட்டங்களில் சலுகை தரும் அரங்குகள் உண்டு, கேட்டுப் பாருங்கள். தோழமையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. அது அணியைப் பொறுத்தது. உங்கள் மேலாளரும் அதே அணியிலா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லீகில் சேர்ந்துவிட்டேன். சொந்தப் பந்து இல்லாமல் ஆடினால் மதிக்கமாட்டார்கள் என்கிறார் அணித்தலைவர். எந்தப் பந்து வாங்கலாம்?

பதில்: முதலில் ஷூ வாங்குங்கள். வாடகை ஷூவுக்கு வாரம் கொடுப்பதை 30ஆல் பெருக்கினால், சுமாரான சொந்த ஷூவின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வலக்கைக்காரருக்கு இடது ஷூவின் அடிப்பாகம் வழுக்கும்படி இருக்கவேண்டும். அந்தக் காலோடு ஈரத்தை மிதித்தால் வம்புதான். நான் ஒருமுறை கை கழுவிவிட்டு அப்படியே வந்து ஓடினேன். கடைசி அடியில் கால் பசைபோல ஒட்டிக்கொள்ள, பந்துக்கு முன்னால் நான் லேன் தொடங்கும் கோட்டைத் தாண்டி விழுந்தேன். அதிலிருந்து ஷூவுக்கு மேலுறை போடாமல் எங்கும் நடப்பதில்லை.

பந்துக்கு நாலு வாரம் பொறுங்கள். உங்களுக்கு எந்த எடை கையில் நிற்கிறது என்று தெரியட்டும் (உச்ச வரம்பு 16 பவுண்ட்). பிறகு சாதாரண பிளாஸ்டிக் பந்து ஒன்று. ரியாக்டிவ் ரெசின் பந்துதான் வளைந்து போய் ஸ்ட்ரைக் (முதல் பந்திலேயே பத்துப் பின்னும்) அடிக்கும் என்பார்கள், உண்மைதான். ஆனால் அது விலை கூட, லேனில் பூசியிருக்கும் எண்ணெயையும் உறிஞ்சும், ஆடி முடித்ததும் துடைக்காவிட்டால் சீக்கிரமே வளைவு குறையும். பிளாஸ்டிக் நேராகப் போகும். மேலே சொன்ன அந்த 10ஆம் பின்னை எடுக்கப் பழகியவர்களும் அதைத்தான் கையில் எடுக்கிறார்கள். பின்னால் ரியாக்டிவ் வாங்கினாலும் இது ஸ்பேருக்கு (மிச்சப் பின்களை இரண்டாம் பந்தில் தள்ள) உதவும்.

விலைச்சீட்டில் இருப்பதோடு முடியாது. துளை போடும் கூலி, விரல் துளைகளுக்கு உள்ளே வைக்கும் ரப்பர், பை என்று ஒவ்வொன்றாக வரும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பந்து பெரும்பாலும் துளையில்லாமல்தான் வீட்டுக்கு வரும். துளையைக் கைக்கு அளவெடுத்தே போடவேண்டும், இல்லையென்றால் கட்டைவிரல் வீங்கும். பழைய பந்து வாங்கினால், துளைகளை அடைத்து மறுபடி போடும் செலவையும் சேர்த்துப் பாருங்கள். வாங்கியபின் வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பந்து விரிசல் விடும்.

கேள்வி: பாதி சீசனில் விலகினால் முன்பணம் திரும்புமா?

பதில்: லீகின் விதித்தாளைப் பாருங்கள், திரும்பும் என்று நம்பியிருக்காதீர்கள். உங்கள் இடத்துக்கு ஓர் ஆளைப் பிடித்துக் கொடுத்தால் வேலை சுலபம். மீதி வாரங்களை அவர் ஏற்றுக்கொண்டார் என்பதைச் செயலாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அணித்தலைவர் தலையாட்டியது போதாது.