எக்செல் தாளில் சூத்திரத்தின் மேல் எண்ணை எழுதிவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பலர் கைவைக்கும் எக்செல் தாளில், சூத்திரம் இருந்த கட்டத்தில் யாராவது வெறும் எண்ணை எழுதிவிட்டால் உடனே தெரியவர வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. பாம்பனில் விசைப்படகுகளுக்குக் கணக்கு எழுதும் நான் அதற்கு, நிபந்தனை பொருந்தும் கட்டத்துக்குத் தானாக நிறம் கொடுக்கும் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கைத்தான் பயன்படுத்துகிறேன்.

எங்கள் தாளில் சி பத்தியில் எடையும், டி பத்தியில் கிலோ விலையும், இ பத்தியில் இரண்டையும் பெருக்கும் சூத்திரமும் இருக்கும். ஒருமுறை 310 ரூபாய் விலையில் 38 கிலோ கணவாய்க்குச் சீட்டில் கண்ட 11,780 ரூபாயை, உதவிக்கு வந்த தம்பி இ பத்தியிலேயே நேராக எழுதிவிட்டார். அன்றைக்கு அது சரியான தொகை என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. மறுநாள் விலையை 340 என்று திருத்தியபோது தொகை 12,920 ஆகியிருக்க வேண்டும், ஆகவில்லை. டீசல், ஐஸ் செலவைக் கழித்துப் பங்கு பிரித்த பிறகே 1,140 ரூபாய் குறைவது தெரிந்தது. கடலுக்குப் போய் வந்தவர்களின் உழைப்பு அது. எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது.

ஆகவே தொகை சரியா என்று பார்ப்பதைவிட, கட்டத்தில் சூத்திரம் இருக்கிறதா என்று பார்ப்பதே முறை. எக்செல் 2013 முதல் இதற்கென்றே இஸ்ஃபார்முலா என்ற செயற்கூறு இருக்கிறது. கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆபீஸிலும் உண்டு. இ2 தொடங்கிக் கடைசி வரி வரை தேர்ந்தெடுத்து, கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் புதிய விதியைத் திறந்து, சூத்திரத்தால் தீர்மானிக்கும் வகையைத் தேர்ந்து, கீழுள்ளதை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்து, ஒரு நிறம் கொடுங்கள்:

=AND($C2>0,NOT(ISFORMULA(E2)))

தேர்வை இ5-இல் தொடங்கிவிட்டு விதியில் இ2 என்று எழுதினால், நிறம் மூன்று வரி கீழே தள்ளி விழும்; பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான்.

எடை இருந்தால் மட்டும் என்ற நிபந்தனையை நான் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். அதனால் இன்னும் நிரப்பாத வரிகள் நிறமேறாது. எடை எழுதிய வரியில் யாராவது சூத்திரத்தை அடியோடு அழித்திருந்தால் அந்த வெற்றுக் கட்டமும் நிறமேறும். கூறு போட்டு ஏலம் விட்ட மீனுக்கு எடை கிடையாது, தொகையைக் கையால்தான் எழுத வேண்டும். அந்த வரிகளையும் விதி தொந்தரவு செய்யாது. இத்தகைய வரிகள் இருப்பதால்தான் இ பத்தியைப் பூட்டிவிடும் ஷீட் புரொடெக்‌ஷன் எங்களுக்கு ஒத்துவரவில்லை. உங்கள் தாளில் விதிவிலக்கே இல்லையென்றால் பூட்டுவதே நல்லது.

இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். யாராவது சமக்குறி போட்டு =11780 என்று எழுதினால் எக்செல் அதையும் சூத்திரமாகவே கொள்ளும், நிறம் வராது. வேறிடத்திலிருந்து நகலெடுத்துச் சாதாரணமாக ஒட்டினால், அங்கிருந்த வடிவமைப்பும் கூடவே வந்து நம் விதியை அந்தக் கட்டத்திலிருந்து நீக்கிவிடக்கூடும். ஆகவே மதிப்பை மட்டும் ஒட்டும் பேஸ்ட் வேல்யூஸ் முறையைப் பழக்குங்கள். பங்கு பிரிப்பதற்கு முன், கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் விதிகளின் பட்டியலைக் காட்டும் மேனேஜ் ரூல்ஸைத் திறந்து விதி இ பத்தி முழுவதற்கும் பொருந்துகிறதா, இடையில் துண்டுபட்டிருக்கிறதா என்று நான் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்கிறேன்.