கடிதம் வந்தது, அழைப்பு வரவில்லை

கேள்வி: என் மகன் கணினிப் பொறியியல் முடித்து ஓராண்டு ஆகிறது. கல்லூரியிலேயே ஒரு பெரிய ஐ.டி. நிறுவனம் தேர்வு செய்து ஆஃபர் லெட்டர் கொடுத்தது. அதை லேமினேட் செய்து சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறோம். சேரும் தேதிதான் வரவில்லை. மீன்பிடித் தடைக்காலத்துப் படகுபோல் அவன் வீட்டில் நிற்கிறான். இந்தத் துறை இனித் தேறுமா? காத்திருப்பதா, கீழக்கரைப் பிள்ளைகளைப் போல துபாய்க்கு அனுப்பிவிடுவதா?
– விசைப்படகு உரிமையாளர், பாம்பன்

பதில்: தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கினால் ஜூன் 14இல் முடிந்துவிடும், உங்கள் மகனின் காத்திருப்புக்கு அப்படியொரு தேதி கிடையாது. லேமினேட் செய்த கடிதத்தை எடுத்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள். சேரும் நாள் நிறுவனத்தின் தேவையைப் பொறுத்தது என்ற வரி பெரும்பாலும் அதில் இருக்கும்.

நம் ஐ.டி. நிறுவனங்கள் இத்தனை ஆண்டுகளாக நடத்திவந்தது ஆள்கணக்கு வியாபாரம். அமெரிக்க வங்கி ஒன்று கேட்கும் வேலைக்கு இத்தனை பேர், இத்தனை மணி நேரம் என்று டாலரில் பில் போடுவார்கள்; அனுபவசாலி ஒருவருக்குக் கீழே குறைந்த சம்பளத்தில் புதியவர்கள் பலர் இருந்தால்தான் அந்தக் கணக்கில் லாபம் நிற்கும் என்பதால், கல்லூரி கல்லூரியாக வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். கொரோனாக் காலத்தில் அளவுக்கு மீறியும் எடுத்தார்கள். பிறகு அமெரிக்காவில் வட்டி ஏறி, வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கியதும், 2023-24 நிதியாண்டில் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலுமாக 60,000க்கும் மேற்பட்டோர் குறைந்தனர். 2025 ஜூலையில் டி.சி.எஸ். மேலும் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, அடிபட்டவர்களில் பெரும்பாலோர் நடுத்தர, மேல்நிலைப் பணியாளர்கள். புதியவர்களுக்கு முதலில் தரப்படும் மென்பொருள் சோதனை, பராமரிப்பு வேலைகளிலோ இப்போது செயற்கை நுண்ணறிவு கைவைத்திருக்கிறது.

துறை மூழ்கிவிடாது. வெளிநாட்டு நிறுவனங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் சொந்த அலுவலகங்களையே திறந்துவருகின்றன. ஆனால் அவை அதிகம் தேடுவது அனுபவமுள்ளவர்களை. புதியவர்களின் தொடக்கச் சம்பளமோ பத்தாண்டுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்திலேயே நிற்கிறது. அதே காலத்தில் உங்கள் படகுக்குப் போடும் டீசல் ஏறத்தாழ இரு மடங்கு விலையாகிவிட்டது.

ஆகவே கடிதம் இருக்கட்டும், மகன் வீட்டில் இருக்க வேண்டாம். மதுரையிலோ, மினி டைடல் என்ற ஐ.டி. பூங்கா வந்திருக்கும் தூத்துக்குடியிலோ சிறிய நிறுவனமானாலும் சேரட்டும். அங்கே ஒருவனே நிரல் எழுதி, வாடிக்கையாளரிடம் பேசி, நள்ளிரவில் பழுதும் பார்க்க வேண்டியிருக்கும். அந்த அலைச்சல்தான் அவனுக்கு இப்போது தேவையான படிப்பு. துபாயிலும் முதல் கேள்வி அனுபவம் பற்றியதாகவே இருக்கும். இரண்டு ஆண்டு போகட்டும். வேலை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்கும் ஏஜென்ட் யாரையும் வாசலில் ஏற்றாதீர்கள்.

கேள்வி: சென்னையில் ஐ.டி.யில் இருக்கும் என் தங்கையிடம், "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள்" என்கிறார்கள். எழுதித் தரலாமா?
– ஆசிரியை, தொண்டி

பதில்: அந்த அறையிலேயே கையெழுத்துப் போட வேண்டாம். தானாக விலகியதாக எழுதித் தந்தபின் பணிநீக்கம் என்று வாதாடுவது மிகக் கடினம். கோரிக்கையை மின்னஞ்சலில் அனுப்பும்படி கேட்கச் சொல்லுங்கள், அனுப்பத் தயங்குவார்கள். ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. சங்கத்தையோ தொழிலாளர் துறையையோ அணுகும்வரை சம்பளச் சீட்டுகளின் நகல் அவர் கையில் இருக்கட்டும்.